ஒரு அறை விழுந்தது, நாற்காலி கவிழ்ந்தது! சீனத் தலைவர் போ சிலாயின் எழுச்சியும் வீழ்ச்சியும்

2012-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 6-ந் தேதி. தென்மேற்கு சீனாவில் உள்ள செங்டு நகரம். பிற்பகல் நேரம். அங்குள்ள அமெரிக்க துணைத் தூதரகத்துக்குள் ஒருவர் நுழைந்தார்.

அவர் முகத்தில் கலவரம். "என் உயிருக்கு ஆபத்து" என்று முறையிட்டார். அடைக்கலம் கேட்டார்.

வந்தவர் சாதாரண ஆள் அல்ல. சுமார் 300 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சோங்சிங் நகரின் துணை மேயர். 4 நாட்களுக்கு முன்பு வரை அந்த நகரின் போலீஸ் தலைவர். பெயர் வாங் லிஜுன். ரவுடிகளை நடுங்க வைத்தவர். அவருடைய வாழ்க்கையை வைத்து டெலிவிஷன் தொடரே எடுத்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர், அன்னிய நாட்டுத் தூதரகத்தில் ஒளிய வேண்டிய நிலை ஏன் வந்தது?

சற்று நேரத்தில் தூதரகத்தைச் சுற்றி போலீஸ் வண்டிகள் குவிந்தன. உள்ளே இருந்தவர் 30 மணி நேரத்துக்கும் மேல் வெளியே வரவில்லை. மறுநாள் நள்ளிரவு நெருங்கும் வேளையில், பெய்ஜிங்கில் இருந்து வந்த அதிகாரிகளிடம் தன்னை ஒப்படைத்துக்கொண்டார். உள்ளூர் போலீசாரிடம் போக மட்டும் அவர் சம்மதிக்கவில்லை.

அந்த 30 மணி நேரத்தில் அவர் அமெரிக்கர்களிடம் சொன்ன கதையில் ஒரு கொலை இருந்தது. ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். ஒரு பெண் இருந்தார். அந்தப் பெண்ணின் கணவர்தான் போ சிலாய். சீனாவின் உச்சிப் பதவியை எட்டிப்பிடிக்க இன்னும் ஒரே ஒரு படிதான் அவருக்கு பாக்கி இருந்தது.

மந்திரி மகன்

போ சிலாய் 1949-ம் ஆண்டு ஜூலை மாதம் பிறந்தவர். அதே ஆண்டு அக்டோபரில்தான் மா சே துங் மக்கள் சீனக் குடியரசை அறிவித்தார். புதிய சீனாவும் போ சிலாயும் ஒரே வயது என்று சொல்லலாம்.

தந்தை போ யிபோ, மாவோவுடன் புரட்சியில் ஈடுபட்டவர். கம்யூனிஸ்டு சீனாவின் முதல் நிதி மந்திரி. பையன் பெய்ஜிங்கில் பெரிய தலைவர்களின் பிள்ளைகள் படித்த 4-ம் எண் பள்ளிக்கூடத்தில் படித்தான். கவலை இல்லாத வாழ்க்கை.

1966-ல் கலாசாரப் புரட்சி வெடித்தது. நேற்றுவரை தலைவர்களாக இருந்தவர்கள் ஒரே இரவில் துரோகிகள் ஆனார்கள். போ யிபோவும் தப்பவில்லை. செங்காவலர்கள் அவரைப் பிடித்துச் சித்ரவதை செய்தார்கள். சுமார் 12 ஆண்டுகள் ஜெயிலில் கிடந்தார். 1967-ல் தாயார் ஹு மிங், செங்காவலர்களின் பிடியில் இருந்தபோது இறந்துபோனார். பதின்வயதில் இருந்த போ சிலாயும் காவலில் அடைக்கப்பட்டார். சுமார் 5 ஆண்டுகள் அப்படிக் கழிந்தன.

வெளியே வந்ததும் ஒரு தொழிற்சாலையில் பழுது பார்க்கும் வேலை செய்தார். மாவோ மறைந்த பிறகு காலம் மாறியது. தந்தைக்கு விடுதலை கிடைத்தது. டெங் சியோபிங் காலத்தில் நாட்டை ஆட்டிப்படைத்த 8 மூத்த தலைவர்களில் ஒருவராக போ யிபோ உயர்ந்தார். மகனுக்கு பெய்ஜிங் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. வரலாறு படித்தார். பிறகு பத்திரிகைத் துறையில் முதுகலைப் பட்டம் பெற்றார்.

தந்தையை அடித்த அதே கட்சியில், 1980-ல் மகன் உறுப்பினர் ஆனார்.

டாலியனின் மேயர்

1984-ல் போ சிலாய் தலைநகரை விட்டு வடகிழக்கே உள்ள லியோனிங் மாகாணத்துக்குப் போனார். அங்கே டாலியன் துறைமுக நகரை ஒட்டிய ஒரு மாவட்டத்தில் கட்சியின் துணைச் செயலாளர் பதவி. கீழிருந்து மேலே வரவேண்டும் என்பது கட்சியின் வழக்கம்.

மேலே வந்தார். 1993-ல் டாலியன் மேயர் ஆனார்.

புகை கக்கிய தொழிற்சாலைகளை ஊருக்கு வெளியே தள்ளினார். அந்த இடங்களில் புல்வெளி போட்டார். பெரிய பெரிய சதுக்கங்கள் கட்டினார். குதிரை மீது ரோந்து வரும் பெண் போலீஸ் படையை அமைத்தார். ஆண்டுதோறும் ஆடை அலங்காரத் திருவிழா நடந்தது. ஜப்பானிய முதலாளிகள் பணத்தோடு வந்து இறங்கினார்கள்.

போ சிலாய் நல்ல உயரம். சினிமா நடிகரைப் போன்ற தோற்றம். சீனத் தலைவர்கள் என்றால் எழுதி வைத்ததை ஒரே குரலில் படிப்பார்கள். இவர் சிரித்துப் பேசுவார். ஆங்கிலமும் வரும். போட்டோக்காரர்களுக்கு முகம் கொடுப்பார்.

முதல் மனைவியை 1984-ல் விவாகரத்து செய்திருந்தார். 1986-ல் கு கைலாய் என்ற வக்கீலை மணந்தார். அவர் ஒரு ராணுவ ஜெனரலின் மகள். 1987-ல் ஒரு மகன் பிறந்தான்.

டாலியனில் பூத்த பூக்களுக்கு அடியில் முள்ளும் இருந்தது. அந்தப் பகுதி அதிகாரிகளின் ஊழலைப் பற்றி ஜியாங் வெய்பிங் என்ற நிருபர் ஆங்காங் பத்திரிகையில் எழுதினார். 2000-ம் ஆண்டு டிசம்பரில் அவர் கைதானார். நாட்டின் ரகசியத்தை வெளியிட்டதாகக் குற்றச்சாட்டு. 5 ஆண்டுகளுக்கு மேல் ஜெயிலில் இருந்தார்.

போ சிலாய் 2001-ல் லியோனிங் மாகாண கவர்னர் ஆனார். 2004-ல் மத்திய அரசில் வர்த்தக மந்திரி. சீனத் துணிமணிகள் ஐரோப்பாவில் வந்து குவிந்து தகராறு ஏற்பட்டபோது, 2005-ல் ஐரோப்பிய பிரதிநிதிகளுடன் பேச்சு நடத்தி சமரசம் செய்தவர் இவர்தான்.

2007 ஜனவரியில் தந்தை காலமானார். அந்த ஆண்டு அக்டோபரில் கட்சி மாநாடு. போ சிலாய்க்கு 25 பேர் கொண்ட அரசியல் குழுவில் இடம் கிடைத்தது. ஆனால் பெய்ஜிங்கில் நாற்காலி கிடைக்கவில்லை. சோங்சிங் நகரக் கட்சிச் செயலாளராக அனுப்பினார்கள்.

தலைநகரில் இருந்து தள்ளி வைப்பதற்காகவே அங்கே அனுப்பினார்கள் என்று பலர் பேசிக்கொண்டனர்.

3 கோடி மக்களின் நகரம்

சோங்சிங் என்றால் பலருக்குப் புதிய பெயராக இருக்கலாம். பழைய பத்திரிகைகளில் "சுங்கிங்" என்று வரும். ஜப்பானியர் படையெடுத்தபோது சியாங் கை சேக் அரசின் தலைநகராக இருந்தது இந்த ஊர்தான். 1939 ஆகஸ்டில் ஜவகர்லால் நேரு இங்கே வந்து போயிருக்கிறார்.

யாங்சி ஆறும் ஜியாலிங் ஆறும் கூடும் இடத்தில், மலை மேல் அமைந்த ஊர். கோடையில் அனல் வீசும். குளிர்காலத்தில் மூடுபனி. 1997-ல் இதை சிச்சுவான் மாகாணத்தில் இருந்து பிரித்து, மத்திய அரசின் நேரடிப் பொறுப்பில் வைத்தார்கள். பெயர்தான் நகரம். சுற்றியுள்ள மாவட்டங்களையும் கிராமங்களையும் சேர்த்தால் 3 கோடிக்கும் மேல் மக்கள்.

சீனாவில் ஒவ்வொரு ஊருக்கும் மேயர் உண்டு. ஆனால் அவருக்கு மேலே கட்சிச் செயலாளர் உண்டு. அவர் சொல்வதுதான் சட்டம். போ சிலாய் அந்த நாற்காலியில் அமர்ந்தார்.

2008 நவம்பரில் முதல் சோதனை வந்தது. டாக்சி டிரைவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வாடகைக் கட்டணம் போதவில்லை, கம்பெனிகள் பிடுங்கும் பணம் அதிகம், எரிவாயு கிடைக்கவில்லை என்பது அவர்களுடைய குறைகள். ஆயிரக்கணக்கான டாக்சிகள் நின்றுவிட்டன.

வேறு தலைவராக இருந்தால் போலீசை அனுப்பியிருப்பார். போ சிலாய் டிரைவர்களை அழைத்து எதிரே உட்காரவைத்துப் பேசினார். டெலிவிஷன் காமிராக்கள் அதை அப்படியே நேரடியாகக் காட்டின. சீன மக்கள் அதற்கு முன் இப்படி ஒரு காட்சியைப் பார்த்தது இல்லை.

தொழிலாளிக்கு ஒரு சீட்டு

பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போனவர்களுக்கு சீனாவில் ஒரு பெரிய தொல்லை உண்டு. அதற்கு "ஹுகோ" என்று பெயர். 1958 முதல் நடைமுறையில் உள்ள குடும்பப் பதிவுச் சீட்டு அது.

கிராமத்தில் பிறந்தவன் கிராமத்தான். அவன் நகரத்துக்கு வந்து 20 ஆண்டுகள் செங்கல் சுமந்தாலும், ஆலையில் உழைத்தாலும், சீட்டில் கிராமத்தான்தான். நகரத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்ப்பது கடினம். ஆஸ்பத்திரிச் சலுகை இல்லை. ஓய்வூதியம் இல்லை. அரசு வீடு இல்லை. ஆகவே பிள்ளைகளைப் பாட்டி தாத்தாவிடம் விட்டுவிட்டு, ஆண்டுக்கு ஒரு முறை புத்தாண்டுக்கு ரெயில் ஏறிப் போய்ப் பார்த்து வருவார்கள். வெளியூரில் ரேஷன் கார்டுக்கு அலைந்தவர்களுக்கு இந்த வேதனை புரியும்.

சோங்சிங்கில் 2010 ஆகஸ்டில் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். நகரில் வேலை செய்யும் கிராமத்தார், நகரச் சீட்டுக்கு மாறிக்கொள்ளலாம். லட்சக்கணக்கானோர் மாறினார்கள். 4 கோடி சதுர மீட்டர் பரப்பில் குறைந்த வாடகை வீடுகள் கட்டும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. வெளியூர்த் தொழிலாளர்களும் அதற்கு மனுப் போடலாம்.

தொழிற்சாலைகளும் வந்தன. உலகச் சந்தைக்கு மடிக் கம்ப்யூட்டர் செய்யும் பெரிய கம்பெனிகள் இங்கே கடை விரித்தன. 2011-ல் சோங்சிங்கின் பொருளாதார வளர்ச்சி 16 சதவீதத்தைத் தாண்டியது.

"எங்களை மனிதராக மதித்த தலைவர்" என்று போ சிலாயைக் கொண்டாடியவர்கள் உண்டு. அந்தப் பாராட்டில் பொய் இல்லை.

சிவப்புப் பாட்டு, கறுப்பு வேட்டை

போ சிலாயின் ஆட்சிக்கு இரண்டு முழக்கங்கள். ஒன்று, "சிவப்பைப் பாடு". மற்றொன்று, "கறுப்பை அடி".

மாவோ காலத்துப் புரட்சிப் பாடல்களை ஊரெங்கும் பாடவைத்தார். அலுவலகங்கள், பள்ளிக்கூடங்கள், பூங்காக்கள் எங்கும் பாட்டு. மாவோவின் வாசகங்கள் மக்களின் செல்போனுக்கு வந்தன. 2011-ல் சோங்சிங் டெலிவிஷனில் விளம்பரங்களையே நிறுத்திவிட்டு சிவப்பு நிகழ்ச்சிகளைப் போட்டார்கள்.

கலாசாரப் புரட்சியில் தாயைப் பறிகொடுத்தவர், அந்தக் காலத்துப் பாட்டையே பாடச் சொன்னதுதான் விந்தை!

"கறுப்பு" என்றால் ரவுடிக் கும்பல்கள். இதற்காக லியோனிங்கில் இருந்து வரவழைக்கப்பட்டவர்தான் வாங் லிஜுன். 2009 ஜூனில் வேட்டை தொடங்கியது. ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள். சூதாட்டக் கிடங்கு நடத்தியவர்கள், வட்டிக்கு விட்டு அடித்து வசூலித்தவர்கள், அவர்களுக்குக் குடை பிடித்த அதிகாரிகள் எல்லோரும் சிக்கினார்கள்.

பெரிய மீன் வென் சியாங். பல ஆண்டுகள் நகர போலீசின் துணைத் தலைவராக இருந்தவர். அவர் லஞ்சமாக வாங்கிய 2 கோடி யுவான் பணம், தண்ணீர் புகாத உறையில் சுற்றப்பட்டு ஒரு மீன் குளத்தின் அடியில் இருந்து தோண்டி எடுக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. அவருடைய மைத்துனி சூதாட்ட விடுதிகளின் "மகாராணி". மைத்துனிக்கு 18 ஆண்டு ஜெயில். வென் சியாங்குக்கு மரண தண்டனை. 2010 ஜூலை 7-ந் தேதி அது நிறைவேற்றப்பட்டது.

சோங்சிங் மக்கள் மகிழ்ந்தார்கள். இரவில் பயமின்றி நடக்க முடிகிறது என்றார்கள்.

வக்கீலுக்கும் ஜெயில்

ஆனால் வேட்டை நாய் யாரைக் கடிக்கிறது என்பது போகப்போகத் தெரிந்தது.

கைதான ஒரு கும்பல் தலைவனுக்காக வாதாட பெய்ஜிங்கில் இருந்து லி சுவாங் என்ற வக்கீல் வந்தார். போலீசார் தன்னைத் தொங்கவிட்டுச் சித்ரவதை செய்ததாகக் கட்சிக்காரன் அவரிடம் சொன்னான். வக்கீல் அதைக் கோர்ட்டில் எழுப்பப் பார்த்தார். 2009 டிசம்பரில் வக்கீலையே கைது செய்தார்கள்! பொய் சாட்சி சொல்லத் தூண்டினார் என்று வழக்கு. அப்பீலுக்குப் பிறகு அவருக்கு ஒன்றரை ஆண்டு ஜெயில்.

நாடு முழுவதும் வக்கீல்களும் சட்டப் பேராசிரியர்களும் கொதித்தார்கள். குற்றவாளிக்கு வாதாடினால் வக்கீலும் குற்றவாளியா? அப்படியானால் நிரபராதி ஒருவன் சிக்கினால் அவனுக்காக யார் வருவார்கள்?

அந்த வழக்கைக் கேலி செய்து வனத்துறை ஊழியர் ஒருவர் 2011-ல் இன்டர்நெட்டில் 4 வரி எழுதினார். கேலி சற்று ஆபாசமானதுதான். அதற்காக அவரை விசாரணையே இல்லாமல் ஓராண்டு உழைப்பு முகாமுக்கு அனுப்பினார்கள்.

தொழில் அதிபர்கள் பலர், "எங்களை ரவுடி என்று முத்திரை குத்தி சொத்தைப் பறித்தார்கள்" என்று புகார் செய்தார்கள். அப்போது அதைக் கேட்க ஆள் இல்லை.

ஒரு பக்கம் ஏழைக்கு வீடு. மறுபக்கம் வக்கீலுக்கு விலங்கு. இரண்டையும் கொடுத்தது ஒரே கைதான்.

ஓட்டல் அறையில் பிணம்

போ சிலாயின் மகன் இங்கிலாந்தில் படித்தான். ஹாரோ பள்ளிக்கூடம், ஆக்ஸ்போர்டு, பிறகு அமெரிக்காவில் ஹார்வர்டு. இங்கிலாந்தில் குடும்பத்துக்கு உதவியாக இருந்தவர் நீல் ஹேவுட் என்ற வெள்ளைக்காரர். அவரும் ஹாரோ மாணவர். சீனப் பெண்ணை மணந்தவர். வியாபாரத் தரகு வேலை செய்தவர்.

ஒரு வியாபாரத்தில் பங்கு கேட்டு ஹேவுட்டுக்கும் கு கைலாய்க்கும் தகராறு மூண்டது. மகனுக்கு ஆபத்து வரும் என்று ஹேவுட் மிரட்டியதாக கு கைலாய் பின்னர் கோர்ட்டில் கூறினார்.

2011 நவம்பர் 13-ந் தேதி. சோங்சிங்கின் நான்ஷான் மலை மீது உள்ள ஒரு ஓட்டல். ஹேவுட்டை வரவழைத்து அங்கே தங்கவைத்திருந்தார்கள். இரவில் கு கைலாய் அவருடைய அறைக்குப் போனார். இருவரும் மது அருந்தினார்கள். ஹேவுட்டுக்குப் போதை தலைக்கேறி வாந்தி எடுத்தார். தண்ணீர் கேட்டார். வீட்டு உதவியாளர் சாங் சியாவோஜுன் கொடுத்த சயனைடு விஷத்தை கு கைலாய் அவர் வாயில் ஊற்றினார். கதவில் "தொந்தரவு செய்யாதீர்கள்" என்ற அட்டையைத் தொங்கவிட்டுப் போய்விட்டார்.

15-ந் தேதி பிணம் கண்டெடுக்கப்பட்டது. குடித்ததால் வந்த மரணம் என்று சொல்லிவிட்டார்கள். பிரேத பரிசோதனை இல்லாமலே உடல் எரிக்கப்பட்டது.

ஆனால் ஒருவருக்கு உண்மை தெரியும். அவர் வாங் லிஜுன். கொலைக்கு மறுநாள் கு கைலாயே அவரிடம் நடந்ததைச் சொல்லியிருந்தார். அதை அவர் ரகசியமாக ஒலிப்பதிவு செய்திருந்தார். இறந்தவரின் ரத்தத்திலும் கொஞ்சம் எடுத்து வைக்கப்பட்டிருந்தது. முதலில் மூடி மறைத்தவர், தனக்கும் கு கைலாய்க்கும் உறவு கசந்ததும் அந்தத் துருப்புச் சீட்டை எடுத்தார்.

விழுந்தது அறை

2012 ஜனவரி 28-ந் தேதி. வாங் லிஜுன் போ சிலாயின் முன் நின்றார். "ஹேவுட் வழக்கில் உங்கள் மனைவி மீது சந்தேகம் இருக்கிறது" என்ற செய்தியைச் சொன்னார்.

மறுநாள் காலை போ சிலாய் அவரைக் கூப்பிட்டார். மற்ற அதிகாரிகள் முன்னிலையில் திட்டினார். கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார்.

நான்கு நாள் கழித்து, பிப்ரவரி 2-ந் தேதி, வாங் லிஜுன் போலீஸ் பதவியில் இருந்து நீக்கப்பட்டார். அவருக்கு நெருக்கமான ஊழியர்கள் மீது விசாரணை பாய்ந்தது. அடுத்து தன் தலைதான் என்று அவர் புரிந்துகொண்டார். மற்றவர்களை எப்படி மடக்கினோம் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? செங்டுவுக்கு ஓடினார்.

8-ந் தேதி சோங்சிங் அரசு ஓர் அறிக்கை விட்டது. வேலைப் பளுவால் வாங் லிஜுன் உடல்நலம் கெட்டு, "விடுமுறை முறைச் சிகிச்சை" பெறுகிறாராம்! நாடே சிரித்தது.

மார்ச் மாதம் பெய்ஜிங்கில் தேசிய மக்கள் காங்கிரஸ் கூடியது. 9-ந் தேதி போ சிலாய் நிருபர்களைச் சந்தித்தார். ஆள் தெரியாமல் தேர்ந்தெடுத்துவிட்டதாக வருத்தப்பட்டார். தன் குடும்பத்தின் மீது சேற்றை வாரி இறைக்கிறார்கள் என்றார். மனைவி வக்கீல் தொழிலை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறார் என்றும், மகன் உதவித்தொகையில் படிக்கிறான் என்றும் கூறினார்.

14-ந் தேதி பிரதமர் வென் ஜியாபாவ் பேசினார். சோங்சிங் நிர்வாகம் நடந்ததை எண்ணிப் பார்த்துப் பாடம் கற்க வேண்டும் என்றார். அரசியல் சீர்திருத்தம் இல்லாவிட்டால் கலாசாரப் புரட்சி போன்ற துயரம் திரும்பவும் வரலாம் என்று எச்சரித்தார். பெயரைச் சொல்லவில்லை. யாருக்கு என்று எல்லோருக்கும் புரிந்தது.

15-ந் தேதி காலை போ சிலாயின் பதவி பறிபோனது. ஏப்ரல் 10-ந் தேதி கட்சியின் அரசியல் குழுவில் இருந்தும் நிறுத்தி வைக்கப்பட்டார். அதே நாளில் அவருடைய மனைவி கொலைச் சந்தேக நபர் என்று அறிவிக்கப்பட்டார்.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில்தான் கட்சியின் புதிய தலைமை அமைய இருந்தது. நாட்டை ஆளும் நிலைக்குழுவில் போ சிலாய்க்கு இடம் உண்டு என்று பலரும் எதிர்பார்த்திருந்தார்கள். நவம்பர் 15-ந் தேதி ஜி ஜின்பிங் பொதுச்செயலாளர் ஆனபோது, போ சிலாய் காவலில் இருந்தார். ஜி ஜின்பிங்கும் புரட்சித் தலைவர் ஒருவரின் மகன்தான்.

மனைவி, போலீஸ்காரர், கணவர்

முதலில் மனைவி. 2012 ஆகஸ்டு 9-ந் தேதி ஹெபெய் நகர கோர்ட்டில் விசாரணை. ஒரே நாளில் முடிந்தது. கு கைலாய் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 20-ந் தேதி தீர்ப்பு: மரண தண்டனை, ஆனால் 2 ஆண்டுகளுக்கு நிறுத்தி வைப்பு. 2015-ல் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. உதவியாளர் சாங்குக்கு 9 ஆண்டு. கொலையை மறைத்த 4 போலீஸ் அதிகாரிகளும் ஜெயிலுக்குப் போனார்கள்.

அடுத்து வாங் லிஜுன். செப்டம்பர் 24-ந் தேதி அவருக்கு 15 ஆண்டு ஜெயில்.

கடைசியாக போ சிலாய். 2013 ஆகஸ்டு 22-ந் தேதி ஷாண்டோங் மாகாணத்தின் ஜினான் நகர கோர்ட்டுக்குக் கொண்டுவரப்பட்டார். வெள்ளைச் சட்டை. இரு பக்கமும் அவரைவிட உயரமான இரண்டு போலீசார்.

மனைவியைப் போல இவரும் தலையைக் குனிந்து ஒப்புக்கொள்வார் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. 5 நாட்கள் வாதாடினார். கோர்ட்டே இன்டர்நெட்டில் விசாரணைக் குறிப்புகளை வெளியிட்டுக்கொண்டிருந்தது. கோடிக்கணக்கான மக்கள் நாடகம் பார்ப்பதுபோல் படித்தார்கள்.

டாலியன் கோடீஸ்வரர் சூ மிங் சாட்சிக் கூண்டில் ஏறினார். பிரான்சு நாட்டின் கான் நகரில் கடலோர மாளிகை வாங்கப் பணம் கொடுத்தது, கு கைலாய்க்கும் மகனுக்கும் விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தது, கடன் அட்டைக் கணக்கைத் தீர்த்தது எல்லாவற்றையும் சொன்னார். போ சிலாய் குறுக்கு விசாரணை செய்தார். "இதைப் பற்றி என்னிடம் எப்போதாவது பேசியது உண்டா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "இல்லை" என்றே பதில் வந்தது.

மனைவியின் வாக்குமூலம் வீடியோவில் ஓடியது. அவர் மனநிலை சரியில்லாதவர், பொய் சொல்கிறவர் என்றார் கணவர். தனக்கு வேறு பெண்ணுடன் தொடர்பு இருந்ததையும், அதனால் கோபித்துக்கொண்டே மனைவி மகனுடன் இங்கிலாந்து போனதையும் ஒப்புக்கொண்டார். வாங் லிஜுன் தன் மனைவி மீது ரகசியக் காதல் கொண்டிருந்தார் என்றும் ஒரு குண்டைப் போட்டார்.

அந்தக் கன்னத்து அறையும் விசாரணைக்கு வந்தது. "அறை அல்ல, முஷ்டியால் குத்தினார், வாயில் ரத்தம் வந்தது" என்றார் வாங். "நான் குத்துச்சண்டை கற்றவன் இல்லை" என்றார் போ.

ஆயுள் முழுவதும் ஜெயில்

செப்டம்பர் 22-ந் தேதி தீர்ப்பு. 2 கோடி யுவானுக்கு மேல் லஞ்சம் வாங்கியதாகக் கோர்ட்டு முடிவு செய்தது. அன்றைய மதிப்பில் சுமார் 20 கோடி ரூபாய். அதற்கு ஆயுள் தண்டனை. டாலியன் அரசுப் பணத்தில் 50 லட்சம் யுவானைக் கையாடியதற்கு 15 ஆண்டு. கொலை விசாரணையைத் தடுத்து அதிகாரத்தை தவறாகப் பயன்படுத்தியதற்கு 7 ஆண்டு. சொத்துகள் பறிமுதல். கைகளில் விலங்குடன் நின்ற போ சிலாய், விரல்களை இறுக மூடிக்கொண்டு தீர்ப்பைக் கேட்டார். அக்டோபரில் அப்பீலும் தள்ளுபடி ஆனது.

பெய்ஜிங்குக்கு வெளியே உள்ள சின்செங் சிறைதான் பெரிய தலைவர்களை அடைக்கும் இடம். கலாசாரப் புரட்சியில் தந்தை போ யிபோ அடைபட்டிருந்த சிறை அது. மகனையும் அங்கேதான் வைத்ததாகச் செய்தி.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். லஞ்சம், கையாடல், கொலையை மறைத்தது எல்லாம் குற்றப் பத்திரிகையில் இருந்தன. ஆனால் கைதிகளைச் சித்ரவதை செய்தது, வக்கீலை ஜெயிலில் தள்ளியது, 4 வரிக் கேலிக்கு முகாம் தண்டனை கொடுத்தது எதுவும் அதில் இல்லை. அந்த வனத்துறை ஊழியருக்கு விதித்த தண்டனை தவறு என்று, போ சிலாய் விழுந்த பிறகு 2012-ல் ரத்து செய்தார்கள். ஆனால் முகாமில் ஓராண்டு முழுவதையும் அவர் ஏற்கனவே கழித்து முடித்திருந்தார். அத்தகைய உழைப்பு முகாம்களையே சீன அரசு 2013 கடைசியில் ஒழித்தது.

கிராமத்தாருக்கு நகரச் சீட்டு கொடுக்கும் வேலை நிற்கவில்லை. 2014 ஜூலையில் மத்திய அரசே ஹுகோ விதிகளைத் தளர்த்துவதாக அறிவித்தது. சோங்சிங்கில் சீட்டு வாங்கிய தொழிலாளியின் பிள்ளை இப்போதும் அதை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறான். சீட்டில் எந்தத் தலைவரின் பெயரும் அச்சிடப்படவில்லை.

போ சிலாய் இருந்த நாற்காலி என்ன ஆயிற்று? 2012 நவம்பரில் சுன் செங்சாய் என்பவர் அதில் அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது 49. வருங்காலத் தலைவர் என்று பேசப்பட்டவர். 2017 ஜூலையில் திடீரென நீக்கப்பட்டார். 2018 மே மாதம் அவருக்கும் லஞ்ச வழக்கில் ஆயுள் தண்டனை.

ஒரே நாற்காலி. 6 ஆண்டுக்குள் இரண்டு ஆயுள் தண்டனைகள். தட்டிக் கேட்கும் பத்திரிகையும், பயமின்றி வாதாடும் வக்கீலும் இல்லாத ஊரில், அந்த நாற்காலியில் அமர்ந்தவருக்கும் கடைசியில் பாதுகாப்பு இல்லாமல் போயிற்று.